இ.எம்.டி. சான்றிதழ் கையில் இருக்கிறது. பெங்களூரில் முதல் வேலைக்கு எப்படிப் போவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர், ஸ்ரீராமபுரம், மர்ஃபி டவுன் பகுதிகளில் வளர்ந்த பிள்ளைகளும், ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து வேலை தேடிப் பெங்களூருக்கு வருகிறவர்களும், இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) படிப்பை முடித்த கையோடு என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நகரத்து ஆம்புலன்ஸ்களில் வேலை பார்த்துவிட்டு, இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்து வருகிறேன். நேரில் சொல்லி வந்த பதில்களையே இங்கே எழுதியிருக்கிறேன்.

படிப்பு முடிந்துவிட்டது. முதலில் எங்கே விண்ணப்பிப்பது?

பெங்களூரில் இ.எம்.டி.க்கு வேலை கிடைக்கும் இடங்கள் பல வகை. அரசின் இலவச 108 சேவை ஒன்று. ஓல்டு ஏர்போர்ட் ரோடு மணிப்பால், பொம்மசந்திரா நாராயணா, ஹெப்பால் பாப்டிஸ்ட், செயின்ட் ஜான்ஸ் போன்ற பெரிய மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவு இன்னொன்று. மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டும் தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனங்கள் உள்ளன. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் முதலுதவிக்கான ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்பது சட்டம் என்பதால், பீன்யா, ஜிகணி, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளிலும் இடங்கள் வரும். இவை தவிர ஐ.டி. வளாகங்கள், பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள், மாரத்தான் போன்ற நிகழ்ச்சிகளுக்கான ஒருநாள் ட்யூட்டி ஆகியவையும் உண்டு.

இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், சம்பளத்தையும் வண்டியின் பளபளப்பையும் பார்ப்பதற்கு முன்பு, முதல் மூன்று மாதம் உங்கள் பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் இருப்பாரா என்று விசாரியுங்கள் என்பேன். படிப்பில் பொம்மையின் மேல் செய்து பழகியதை மனித உடம்பின் மேல் செய்யும்போது கை நடுங்குவது இயல்புதான். அந்த நேரத்தில், 'அவசரப்படாதே, முதலில் மூச்சுப்பாதையைப் பார்' என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். அந்தக் குரல் கிடைக்கும் இடத்தில் இரண்டாயிரம் ரூபாய் குறைவாக வந்தாலும் சேரலாம். நேர்முகத்துக்குப் போன மறுநாளே தனியாக வண்டியில் ஏற்றிவிடும் இடத்தில் கூடுதலாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும்.

அந்த வகையில் பெரிய மருத்துவமனையின் கேஷுவால்டியில், அதாவது அவசர சிகிச்சைப் பிரிவில், ஓராண்டு வேலை பார்ப்பதையே நான் முதலாவதாகச் சொல்வேன். ஒரே ஷிஃப்டில் நெஞ்சுவலி, பக்கவாதம், விபத்து, விஷம், மூச்சுத்திணறல் எல்லாம் கண்ணில் படும்; நீங்கள் கொண்டுவந்த நோயாளிக்கு அதற்குப் பின் என்ன ஆனது என்பதையும் பார்க்க முடியும். அடுத்தபடியாக 108ஐச் சொல்வேன். தொழிற்சாலை ஆம்புலன்ஸ் அறை முதல் வேலைக்கு ஏற்றதல்ல. அங்கே கண்ணில் தூசியும் விரலில் வெட்டும் வரும், வாரக்கணக்கில் பெரிய கேஸ் எதுவும் வராது, கற்றது துருப்பிடித்துவிடும். நான்கைந்து ஆண்டு ஓடிக் களைத்தவர்களுக்கு அது நல்ல இடம்.

நான் படித்தது ஆறு மாதப் படிப்பு. அது செல்லுமா?

இப்போதைக்குப் பல இடங்களில் வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2021ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய துணைமருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்சார் ஆணையச் சட்டம், துணைமருத்துவப் பணியாளர் என்று ஒருவரை ஏற்பதற்குக் குறைந்தது 2000 மணி நேரப் பயிற்சி கொண்ட, இரண்டு முதல் நான்கு ஆண்டு வரை நீளும் பட்டயமோ பட்டமோ வேண்டும் என்கிறது. அவசர மருத்துவ உதவிப் பணியும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. ஆகவே குறுகிய காலச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் வேலையில் சேர்ந்த பிறகு, இரண்டாண்டுப் பட்டயத்துக்கோ பட்டப்படிப்புக்கோ வழி தேடிக்கொள்வது நல்லது. புதிதாகப் படிக்கப் போகும் தம்பி தங்கைகளிடம், குறுக்குவழிச் சான்றிதழுக்குப் பணம் கட்டாமல் முழுப் பட்டயத்துக்கே போகச் சொல்லுங்கள்.

இதோடு பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு), ஏசிஎல்எஸ் (மேம்பட்ட இருதய உயிர்காப்பு) பயிற்சி அட்டைகளும் கேட்பார்கள். அமெரிக்க இருதயச் சங்கத்தின் முறைப்படி தரப்படும் அந்த அட்டைகள் இரண்டாண்டுகளுக்குத்தான் செல்லும். படிக்கும்போது எடுத்த அட்டை காலாவதியாகிவிட்டதா என்பதை விண்ணப்பிப்பதற்கு முன்பே பாருங்கள். பிஎல்எஸ் கட்டாயம், ஏசிஎல்எஸ் இருந்தால் தீவிர சிகிச்சை வண்டிக்கு எடுத்துக்கொள்ள வாய்ப்பு கூடும். இரண்டுக்கும் சேர்த்துச் செலவழிக்கக் கையில் பணமில்லை என்றால் பிஎல்எஸ்ஸை மட்டும் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள். பல மருத்துவமனைகள் சேர்ந்த பின் மற்றதைத் தாங்களே நடத்துகின்றன.

108இல் சேருவது எப்படி?

கர்நாடகத்தில் 108 சேவை 'ஆரோக்கிய கவச' என்ற பெயரில் 2008 நவம்பர் 1 அன்று தொடங்கியது. ஆள் எடுக்கும் முறையும் கேட்கும் கல்வித் தகுதியும் சேவையை நடத்தும் அமைப்பைப் பொறுத்து மாறும். எனவே பழைய அறிவிப்பைப் பார்த்து முடிவெடுக்காமல், நடப்பு அறிவிப்பில் உள்ள தகுதியையும் வயது வரம்பையும் படியுங்கள். செவிலியர் பட்டயமோ உயிரியல் சார்ந்த பட்டமோ வைத்திருப்பவர்களும் இந்த வேலைக்கு வருவதால், போட்டி நம் படிப்புக்காரர்களுக்குள் மட்டும் நடப்பதில்லை என்பதை மனத்தில் கொள்ளுங்கள். எழுத்துத் தேர்வு, நேர்முகம், பிறகு பயிற்சி என்று போகும். வேலை பெரும்பாலும் 12 மணி நேர ஷிஃப்ட். வண்டியில் நீங்களும், பைலட் என்று அழைக்கப்படும் ஓட்டுநரும் இருவர் மட்டுமே. பணியிடம் பெங்களூருக்குள்ளேயே கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். கோலார், ராமநகரப் பக்கத்தில் ஒரு தாலுகா மருத்துவமனை வாசலில் போட்டாலும் போகத் தயாராக இருக்கிறவருக்கு வேலை சீக்கிரம் கிடைக்கும். தாலுகா வண்டியில் பாம்புக்கடியும் பிரசவமும் நகரத்தைவிட அதிகம் பார்ப்பீர்கள் என்பதால் அதை நான் குறையாகவும் நினைக்கவில்லை.

எனக்குக் கன்னடம் தெரியாது. வேலை கிடைக்குமா?

கிடைக்கும்; ஆனால் கன்னடம் கற்றுக்கொள்ளாமல் அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய முடியாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மூச்சு வாங்கும் ஒரு பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேரனை மொழிபெயர்க்கச் சொல்லிக்கொண்டிருக்கும் அரை நிமிடம் அந்தப் பாட்டியின் அரை நிமிடம்.

தமிழருக்கு இது பெரிய மலையும் அல்ல. 'எல்லி நோவு?' என்று கேட்டால் எங்கே வலி என்று பொருள். நோவு நம் சொல்தான். 'யாவாகிந்த?' என்றால் எப்போதிலிருந்து. நெஞ்சு அவர்களுக்கு 'எதெ', வயிறு 'ஹொட்டெ', தலைசுற்றல் 'தலெ சுத்து', உடம்புவலி 'மை கை நோவு'. வாந்தியும் பேதியும் இரண்டு மொழியிலும் வாந்தி பேதிதான். 'உசிராடக்கெ கஷ்ட ஆகுத்தா?' என்பது மூச்சுவிடச் சிரமமா என்ற கேள்வி. 'மாத்ரெ தகோதீரா?' என்று கேட்டால் வழக்கமாக என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது வந்துவிடும். இவற்றையெல்லாம் விட முக்கியமாக 'ஹெதரபேடி' என்று ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். பயப்படாதீர்கள் என்று அதற்குப் பொருள். பக்கத்தில் குனிந்து அதைச் சொன்னவுடன் நோயாளியின் கைப்பிடி தளர்வதை நீங்களே உணர்வீர்கள்.

உங்கள் தமிழும் இங்கே ஒரு தகுதிதான். பயோடேட்டாவில் எழுதத் தயங்காதீர்கள். நிமான்ஸுக்கும் ஜெயதேவாவுக்கும் நாராயணாவுக்கும் தமிழ்நாட்டிலிருந்து நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சிகிச்சை முடிந்து சேலத்துக்கும் வேலூருக்கும் ஆம்புலன்ஸில் திரும்பிப் போகிறார்கள். அந்த நெடுந்தூர டிரான்ஸ்ஃபர் கேஸ்களில் குடும்பத்தோடு தமிழில் பேசக்கூடிய ஒருவரை அனுப்பவே மேற்பார்வையாளர்கள் விரும்புவார்கள். சிவாஜிநகர்ப் பக்கம் வேலை என்றால் கொஞ்சம் உருதும் காதில் விழுந்திருக்க வேண்டும்.

நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள்?

வாய்மொழிக் கேள்விகளைவிடச் செய்துகாட்டச் சொல்வதே அதிகம். என் முதல் நேர்முகத்தில் ஒரு மருத்துவர், பிதுக்கி மூச்சு கொடுக்கும் அம்பு பேக்கை என் கையில் கொடுத்து, நாடித்துடிப்பு இருக்கிறது, மூச்சு இல்லை, ஆரம்பியுங்கள் என்றார். எனக்குப் பாடம் தலைகீழாகத் தெரியும். ஆனாலும் பதற்றத்தில் பையை இரண்டு நொடிக்கு ஒருமுறை பிதுக்கிக்கொண்டே போனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் முன்னால் வைத்தார். ஆறு நொடிக்கு ஒரு மூச்சு, மார்பு எழும்பும் அளவுக்கு மட்டும் காற்று என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து கை அம்பு பேக்கைத் தொட்டாலே வாய் தானாக எண்ண ஆரம்பித்துவிடுகிறது.

சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி மூச்சும் கொடுப்பது) எங்கும் செய்யச் சொல்வார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்ற எண்கள் எல்லோருக்கும் தெரியும். தேர்வாளர் கவனிப்பது, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு மார்பு முழுதாக மேலே வர விடுகிறீர்களா, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளக் கேட்கிறீர்களா என்பதைத்தான்.

ஆக்சிஜன் கணக்கு நான் தவறாமல் கேட்கும் கேள்வி, எழுதிப் பாருங்கள். பத்து லிட்டர் கொள்ளளவுள்ள பி டைப் சிலிண்டர் முழுதாக நிரம்பியிருக்கும்போது, அழுத்தத்தை அளக்கும் கேஜ் ஏறக்குறைய 150 காட்டும். இரண்டையும் பெருக்கினால் 1500 லிட்டர். இப்போது கேஜ் 50 காட்டுகிறது, நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் போகிறது என்றால், இருப்பது 500 லிட்டர், அதாவது 50 நிமிடம். மாலை ஆறு மணிக்கு எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஹெப்பாலுக்குப் போக அந்த 50 நிமிடம் போதுமா என்று அடுத்த கேள்வி வரும். பெங்களூர்ப் போக்குவரத்தை அறிந்த யாரும் போதும் என்று சொல்ல மாட்டார்கள். கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, 'கிளம்புவதற்கு முன்பே சிலிண்டரை மாற்றுவேன், மாற்றும் சாவி வண்டியில் இருக்கிறதா என்றும் பார்ப்பேன்' என்று சொல்கிறவரை நான் உடனே எடுத்துக்கொள்வேன். நிறைந்த சிலிண்டர் இருந்தும் அதைத் திறக்கச் சாவி இல்லாமல் நின்ற வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

கதை சொல்லிக் கேட்கும் கேள்விகளும் உண்டு. ஐம்பத்தைந்து வயதுக்காரர் பேருந்து நிறுத்தத்தில் மயங்கிக் கிடக்கிறார், சாராய வாடை வருகிறது, சுற்றி நிற்பவர்கள் குடித்துவிட்டு விழுந்துவிட்டார் என்கிறார்கள். என்ன செய்வீர்கள் என்பது அப்படி ஒன்று. மூச்சுப்பாதை, மூச்சு, நாடி பார்த்த கையோடு விரலில் குத்திச் சர்க்கரை அளவு பார்ப்பேன் என்று சொல்லாதவர் அந்த இடத்தில் தவறிவிடுகிறார். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிய மனிதரும் குடித்தவரைப் போலத்தான் உளறுவார், தள்ளாடுவார். குடித்தவருக்கே சர்க்கரை இறங்கியிருக்கவும் கூடும்.

பெங்களூருக்கே உரிய ஒரு கேள்வி, யாரை எங்கே கொண்டுபோவது என்பது. சில்க் போர்டு சந்திப்பில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து தலையில் அடிபட்டவர், ஜெயநகரில் நெஞ்சுவலிக்காரர், தொடை எலும்பு முறிந்தவர், தீக்காயம்பட்டவர் ஆகிய நால்வரையும் ஒரே இடத்துக்கு ஓட்டக் கூடாது. தலைக்காயத்துக்கும் மூளைக்கும் ஓசூர் ரோட்டில் நிமான்ஸ், இருதயத்துக்கு ஜெயதேவா, எலும்புக்கும் விபத்துக்கும் பைரசந்திராவில் சஞ்சய் காந்தி, தீக்காயத்துக்கு விக்டோரியா என்பது அரசு மருத்துவமனைகளில் அடிப்படை. ஆனால் மூச்சுப்பாதை அடைபட்டுக்கொண்டிருக்கிறவரை எட்டுக் கிலோமீட்டர் தாண்டி நிமான்ஸுக்குத்தான் கொண்டுபோவேன் என்று பிடிவாதம் பிடிப்பதும் தவறு. அருகிலுள்ள மருத்துவமனையில் நிலைப்படுத்திவிட்டு நகர்த்த வேண்டும். பக்கவாதம் என்று சந்தேகம் வந்தால், 'கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?' என்று வீட்டாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் வழக்கமான வரம்பு. அந்த மணிக்கணக்கு நீங்கள் எழுதித் தரும் நேரத்திலிருந்துதான் தொடங்குகிறது.

பயோடேட்டாவில் என்ன எழுதலாம்?

ஒரு பக்கம் போதும். படிப்பு, அட்டைகளும் அவை காலாவதியாகும் தேதியும், பயிற்சிக் காலத்தில் எந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம் இருந்தீர்கள், என்னென்ன செய்முறைகளை நீங்களே செய்தீர்கள், என்ன மொழிகள் பேசுவீர்கள் என்பவை இருந்தால் சரி. பார்த்ததையும் செய்ததையும் பிரித்து எழுதுங்கள். பத்து இன்ட்யூபேஷன் (மூச்சுப்பாதைக்குள் குழாய் செலுத்துவது) பார்த்தேன் என்பது மரியாதைக்குரிய வரி. செய்தேன் என்று எழுதிவிட்டு, அதற்கு இடக்கையில் பிடிக்க வேண்டிய லாரிங்கோஸ்கோப் கருவியை வலக்கையில் பிடித்தால் அங்கேயே முடிந்துவிடும்.

சம்பளம் எப்படி இருக்கும்? எப்படிக் கேட்பது?

தொடக்கத்தில் குறைவாகத்தான் இருக்கும். அதை மறைத்துப் பயனில்லை. இந்த வேலையின் பொறுப்புக்கு இந்த ஊதியம் நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் முதல் வேலையில் தொகையை மட்டும் பார்த்து ஏமாறாமல் இருக்கச் சில விவரங்களைக் கேட்டுக்கொள்ளலாம். சொல்லும் தொகை பிடித்தங்களுக்கு முன்பா, கையில் வருவதா? அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் வருங்கால வைப்புநிதிக்குப் பிடிப்பார்கள். நிறுவனமும் தன் பங்கைப் போட வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான். இந்த வேலைக்கு இ.எஸ்.ஐ. அட்டை மிக முக்கியம். முதுகு பிடித்துக்கொண்டால் ராஜாஜிநகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போக அதுதான் வழி.

வண்டி ட்யூட்டி 12 மணி நேரமா, எட்டு மணி நேரமா, மாதத்தில் எத்தனை இரவு, ஷிஃப்ட் முடியும் நேரத்தில் கேஸ் வந்தால் கூடுதல் நேரத்துக்குப் பணம் உண்டா, வெளியூர் டிரான்ஸ்ஃபருக்கு படி தனியா என்பனவற்றையும் கேளுங்கள். கேட்பதனால் வேலை போய்விடாது. 'படி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தால் அதைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அசல் சான்றிதழ்களைக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். சரிபார்க்க அசலைக் காட்டலாம். நகலில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, அசலை அன்றே கையோடு வாங்கிக்கொண்டு வர வேண்டும். என் இரண்டாவது வேலையில், மேலாளர் பாதுகாப்பாக வைத்திருப்பதாகச் சொல்லி என் பட்டயத்தையும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் வாங்கி வைத்துக்கொண்டார். வேறொரு மருத்துவமனையில் இடம் கிடைத்தபோது அவற்றைத் திரும்ப வாங்க ஏழு வாரம் அலைந்தேன். அதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். என் அப்பா வேலையை விட்டுவிட்டு மூன்று முறை என்னோடு வந்து அந்த அலுவலக வாசலில் நின்றது இன்றும் மனத்தை அறுக்கிறது.

வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்ட், பயிற்சிக் கட்டணம் என்று முன்பணம் கேட்கும் நிறுவனம், இரண்டு ஆண்டுக்குள் விலகினால் பெருந்தொகை கட்ட வேண்டும் என்னும் ஒப்பந்தம் ஆகிய மூன்றிலிருந்தும் விலகி இருங்கள். எந்தத் தாளிலும் வீட்டுக்குக் கொண்டுவந்து படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

தனியார் ஆம்புலன்ஸில் சேரலாமா?

வண்டியைப் பார்த்துவிட்டுச் சேரலாம். ஆம்புலன்ஸ்களுக்கான ஏ.ஐ.எஸ். 125 என்ற தரநிலை வண்டிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறது: முதலில் போய்ச் சேரும் உதவி வண்டி ஏ, நோயாளியை இடம் மாற்ற மட்டும் பயன்படுவது பி, அடிப்படை உயிர்காப்பு வசதியுள்ளது சி, மேம்பட்ட உயிர்காப்பு வசதியுள்ளது டி. உங்களை எந்த வகை வண்டிக்கு எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். மருத்துவமனை வாசல்களில் நிற்கும் சிறிய வேன்கள் பலவற்றில் ஒரு சிலிண்டரும் ஒரு ஸ்ட்ரெச்சரும்தான் இருக்கும். அத்தகைய வண்டியில் வென்டிலேட்டர் நோயாளியை ஏற்றிக்கொண்டு போகச் சொன்னால் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு; மறுக்கும் கடமையும் உண்டு. வண்டியின் பின்கதவைத் திறந்து, வாயில் தேங்கும் சளியை உறிஞ்சும் சக்‌ஷனைப் போட்டுப் பாருங்கள். அது இழுக்கவில்லை என்றால் அந்த நிறுவனத்தைப் பற்றி வேறு எதுவும் விசாரிக்கத் தேவையில்லை.

பெண்களுக்கு இந்த வேலை ஒத்துவருமா?

ஒத்துவரும். நான் பயிற்சி கொடுத்தவர்களில் சிறந்த மூவர் பெண்கள். கனமான நோயாளியைத் தூக்குவது ஆணுக்கும் தனியாக முடியாத காரியம். முறையாகக் குனிவதும், ஆள் சேர்த்துக்கொள்வதும், நோயாளியைக் கிடத்தித் தூக்கும் ஸ்பைன் போர்டைச் சரியாகப் பயன்படுத்துவதும்தான் வேண்டும். ஆனால் காத்திருக்கும் இடத்தில் தனிக் கழிப்பறை இருக்கிறதா, இரவு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போக வண்டி ஏற்பாடு உண்டா என்பவற்றைச் சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

நல்ல எண்ணத்தோடு செய்த உதவிக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறதல்லவா?

இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 134ஏ பிரிவு, விபத்து நடந்த இடத்தில் கைம்மாறு எதிர்பாராமல் தானாக முன்வந்து உதவும் பொதுமக்களைக் காக்கிறது. கர்நாடகத்துக்குத் தனியாகவும் அப்படி ஒரு சட்டம் உண்டு. சம்பளத்துக்கு ட்யூட்டியில் இருக்கும் நீங்கள் அந்த வரையறைக்குள் வர மாட்டீர்கள். உங்களுக்குப் பாதுகாப்பு, நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சிகிச்சை நெறிமுறையும், தொலைபேசியில் கட்டளை தரும் மருத்துவரும், நீங்கள் நிரப்பும் பிசிஆர் (நோயாளி பராமரிப்புப் பதிவு) தாளும்தான்.

ஆகவே சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த நெறிமுறைப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவரைக் கேட்காமல் எதைச் செய்யலாம், கேட்டுத்தான் செய்ய வேண்டியது எது என்று அதில் இருக்கும். மருத்துவரின் கட்டளையைத் திரும்பச் சொல்லி உறுதிசெய்து, நேரத்தோடு பிசிஆரில் எழுதுங்கள். நோயாளி மருத்துவமனைக்கு வர மறுத்தால் அதையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உறவினர்கள் உங்களை 'டாக்டர், டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். 'நான் டாக்டர் இல்லைம்மா, ஆம்புலன்ஸ் உதவியாளர். டாக்டர் போனில் இருக்கிறார்' என்று ஒவ்வொரு முறையும் பொறுமையாகத் திருத்துங்கள்.

ஊசி குத்திக்கொண்டால் என்ன செய்வது?

சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள், பிதுக்காதீர்கள். உடனே மேற்பார்வையாளருக்குச் சொல்லிவிட்டு, நோயாளியை இறக்கிய அதே மருத்துவமனையின் கேஷுவால்டியில் காட்டுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை. முதல் ஊசிக்குப் பின் ஒரு மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் மற்ற இரண்டு. வேலை தேடிக்கொண்டிருக்கும் இந்த மாதமே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு ஊசிக் காயத்தை மறைத்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். நான்கு நாள் கழித்துச் சொன்னபோது மருந்தின் காலம் கடந்துவிட்டிருந்தது. நல்லவேளை, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பரிசோதனை முடிவு வரும்வரை அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தவித்தான்.

ஓராண்டில் வளைகுடாவுக்குப் போக முடியுமா?

பொதுவாக இரண்டாண்டு அனுபவம் கேட்கிறார்கள். சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனத்தின் வழியாகச் சரிபார்த்து, உரிமத் தேர்வும் எழுத வேண்டியிருக்கும். அனுபவக் கடிதத்தில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் பதவியின் பெயரும் சரியாக இருக்கும்படி ஒவ்வோர் இடத்திலும் கேட்டு வாங்கி வையுங்கள்.

வேலை கிடைத்துவிட்டது. முதல் நாள் எதைக் கொண்டுபோவது, எதைச் செய்வது?

இரண்டு பேனா, நொடிமுள் உள்ள கைக்கடிகாரம், பென் டார்ச், துணி வெட்டும் கத்தரி, சட்டைப்பைக்குள் அடங்கும் நோட்டு, தண்ணீர், பிஸ்கட், இன்னொரு செட் யூனிஃபார்ம். வாந்தியோ இரத்தமோ படாமல் முதல் வாரம் கழியாது.

ஷிஃப்டுக்குக் கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள். இறங்குகிறவரிடம் வண்டியை வாய்மொழியாக வாங்கிக்கொள்ளாமல், ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். சிலிண்டரைத் திறந்து கேஜைப் படித்து எண்ணை எழுதுங்கள். சக்‌ஷனை ஓடவிட்டுக் குழாய் நுனியை உள்ளங்கையில் வைத்து இழுவையைப் பாருங்கள். அம்பு பேக்கைப் பிதுக்கி வால்வைச் சோதித்து, குழந்தைக்கான சிறிய மாஸ்க் இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் காணாமல் போவது அதுதான். குளுக்கோமீட்டரில் ஸ்ட்ரிப் இருக்கிறதா, டிஃபிப்ரிலேட்டரின் பேட்டரி ஏறியிருக்கிறதா, மருந்துகளின் காலாவதித் தேதி என்ன, ஸ்ட்ரெச்சரின் பூட்டு விழுகிறதா என்று பாருங்கள். பிறகு முன்பக்கம் போய்ப் பைலட்டிடம் பெயர் சொல்லி வணக்கம் வையுங்கள். எந்தக் குறுக்குத் தெருவில் வண்டி நுழையும், எந்த மருத்துவமனையின் எந்த வாயிலில் நிறுத்த வேண்டும், எந்தச் சந்திப்பில் போலீஸ்காரர் வழிவிடுவார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். முதல் அழைப்பு வரும்வரை அவரிடம் கேட்டுக் கேட்டு அந்தச் சிறிய நோட்டில் எழுதிக்கொண்டிருங்கள்.